அடுத்த பஸ்ஸுக்கு அடுத்த பஸ்

நான் வழக்கமாக ஏறும் நிறுத்தத்தில் ஒரு பூக்கார அக்கா உட்கார்ந்திருப்பார். செல்போனில் பஸ் பார்க்கும் வசதி வராத காலத்தில், மூச்சிரைக்க ஓடிவந்து நிற்கிற எல்லோரும் அவரிடம்தான் கேட்போம். "பஸ் போயிடுச்சாக்கா?" பூ கட்டும் கை நிற்காமலே பதில் வரும். "இப்பத்தான் ரெண்டு ஒண்ணா போச்சு. இனிமே நேரமாகும் கண்ணு."

அந்தப் பதிலில் நிமிடக் கணக்கு எதுவும் கிடையாது. ஆனாலும் ஆட்டோ பிடிப்பதா, நடப்பதா, டீ குடித்துவிட்டு வருவதா என்று முடிவெடுக்க அது போதுமானதாக இருந்தது. இரண்டு பஸ் சேர்ந்து போனால் பின்னால் பெரிய ஓட்டை விழும் என்பது அவருடைய அனுபவம். இன்று அதே நிறுத்தத்தில் எல்லோர் கையிலும் செயலி இருக்கிறது. "7 நிமிடம்" என்ற ஓர் எண்ணைப் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுவிடுகிறோம். அக்கா சொன்ன தகவலும் அதே திரையில்தான் இருக்கிறது, யாரும் அதைப் படிப்பதில்லை. அதை எப்படிப் படிப்பது என்பதுதான் இங்கே விஷயம். அதற்கு முன்னால், வரைபடத்தில் நகரும் அந்தப் புள்ளி உண்மையில் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

புள்ளி எங்கிருந்து வருகிறது?

"சேட்டிலைட் மேலேயிருந்து பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது" என்று பலர் நினைக்கிறார்கள். சேட்டிலைட்டுக்கு உங்கள் பஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, "நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இப்போது மணி இத்தனை" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கோயில் மணி மாதிரி. யார் காதில் விழுகிறது என்பது மணிக்குத் தெரியாது.

கேட்பது பஸ்ஸுக்குள் இருக்கும் சின்னப் பெட்டி. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கிடைத்தால், ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, தான் எங்கே இருக்கிறோம் என்று அது தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். மூன்று போதாதா என்று கேட்கலாம். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று. பெட்டியில் இருக்கும் மலிவான கடிகாரத்தின் பிழையைச் சரிசெய்ய நான்காவது. ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு பிசகினாலும், தூரம் 30 சென்டிமீட்டர் பிசகிவிடும். ஒளி அத்தனை வேகம்.

இப்படிக் கண்டுபிடித்த இடத்தை, பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டு வழியாக, சாதாரண மொபைல் நெட்வொர்க்கில் ஒரு சர்வருக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் வாட்ஸாப்பில் செய்தி அனுப்புவது போலத்தான். இந்தியாவில் இந்தப் பெட்டிக்கென்று ஒரு தர நிர்ணயம் உண்டு, பெயர் ஏ.ஐ.எஸ். 140. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும், ஆபத்தில் அழுத்தும் பொத்தானும் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. புதிய பஸ்களில் ஜன்னல் பக்கம் சிவப்புப் பொத்தான் பார்த்திருப்பீர்கள். அதுவும் உங்கள் செயலியில் ஓடும் புள்ளியும் ஒரே பெட்டியின் இரண்டு பிள்ளைகள்.

சரி, அந்தப் புள்ளி எவ்வளவு சரியானது? திறந்த வானத்தின் கீழ் சில மீட்டர் பிசகு, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள் இருந்தால் குரல் சுவரில் பட்டு எதிரொலித்து வரும். பெட்டி ஏமாந்து, பஸ் பக்கத்துத் தெருவில் இருப்பதாகச் சொல்லும். அதனால் பல சர்வர்கள், "இந்த பஸ் இந்தச் சாலையில்தான் ஓட முடியும்" என்று சொல்லிப் புள்ளியை இழுத்துச் சாலைமேல் வைத்துவிடும். சென்னையின் கத்திப்பாரா மேம்பாலம் போலச் சாலைக்கு மேல் சாலை போகிற இடத்தில் அந்த வைத்தியமும் திணறும். வரைபடத்தை மேலிருந்து பார்த்தால் மேலே போகிற பஸ்ஸும் கீழே போகிற பஸ்ஸும் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

ஆனால் பயணிக்குத் தொல்லை தருவது இட விஷயத்தைவிட நேர விஷயம். பெட்டி சில நொடிகளுக்கு ஒருமுறைதான் பேசும். நெட்வொர்க் இல்லாத இடத்தில் அதுவும் இல்லை. சர்வர் கொஞ்சம் தாமதிக்கும், உங்கள் செயலி தன் பங்குக்குச் சற்றுப் பொறுத்துத் திரையைப் புதுப்பிக்கும். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் அரை நிமிடத்தில் சுமார் 165 மீட்டர் போய்விடும். நூறு மீட்டர் தள்ளி வருவதாகப் புள்ளி காட்டும் பஸ், உங்கள் முன்னால் நின்று, ஆளை ஏற்றி, விசில் கொடுத்துக் கிளம்பியிருக்கலாம். நாம் பார்ப்பது பஸ் இருந்த இடம். சில செயலிகளில் புள்ளி வழுக்கிக்கொண்டு அழகாக நகரும். இரண்டு தகவலுக்கு நடுவே செயலியே ஊகித்து ஓட்டும் ஓட்டம் அது. பார்க்க நன்றாக இருக்கும், நம்புவதற்கு அவ்வளவு நல்லதல்ல.

எந்தப் புள்ளி எந்த பஸ்?

பெட்டிக்குத் தெரிந்தது இடம் மட்டும். தான் 29சி-யா, 5இ-யா, பெசன்ட் நகர் போகிறோமா, பெரம்பூர் திரும்புகிறோமா என்பது அதற்குத் தெரியாது. அதை யாராவது சொல்லித்தர வேண்டும். காலையில் பணிமனையில் எந்த வண்டி எந்தத் தடத்தில் எத்தனை சிங்கிள் (முனைக்கு முனை ஒரு நடை) அடிக்க வேண்டும் என்று ஒதுக்குகிறார்கள் அல்லவா, அந்த ஒதுக்கீடு கணினியிலும் ஏற வேண்டும். வழியில் வண்டி பழுதாகி மாற்று வண்டி வந்தால் அதையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், பணிமனையில் பஞ்சருக்கு நிற்கும் வண்டி உங்கள் திரையில் "தாமதமாக வருகிறது" என்று காட்டிக்கொண்டிருக்கும். நிஜமாக ஓடும் வண்டி திரையிலேயே இருக்காது. புள்ளி தப்பாக இருக்கும்போது நாம் ஜி.பி.எஸ்ஸைத் திட்டுகிறோம். பல நேரம் குற்றவாளி இந்தப் பதிவேடுதான்.

இடம் ஒரு பக்கம், அட்டவணை இன்னொரு பக்கம். இரண்டையும் எல்லாச் செயலிகளும் புரிந்துகொள்கிற ஒரே வடிவத்தில் எழுதுவதற்கு ஜி.டி.எஃப்.எஸ். என்று பெயர். அதன் பிறப்பு சுவாரசியமானது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் பஸ், ரயில் நடத்தும் டிரைமெட் நிறுவனத்தில் பிபியானா மெக்ஹ்யூ என்ற அதிகாரி இருந்தார். கார் ஓட்டுபவருக்கு இணையத்தில் வழி கிடைப்பது போலப் பஸ்ஸில் போகிறவருக்கு ஏன் கிடைப்பதில்லை என்பது அவருடைய கேள்வி. கூகுளில் கிறிஸ் ஹாரல்சன் என்ற பொறியாளர் அதே யோசனையில் இருந்தார். 2005 டிசம்பரில் போர்ட்லாந்தின் அட்டவணையோடு, பஸ்ஸில் போகிறவருக்கு வழி சொல்லும் கூகுள் சேவை தொடங்கியது. வடிவம் மிக எளிது: நிறுத்தங்களுக்கு ஒரு பட்டியல், தடங்களுக்கு ஒன்று, எந்த நடை எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு என்று இன்னொன்று. எல்லாம் காற்புள்ளி போட்டுப் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்புகள். மளிகைக் கடைப் பற்றுச்சீட்டைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுமில்லை. 2011-இல் நேரடித் தகவலுக்கான பகுதி சேர்ந்தது: வண்டி எங்கே, எவ்வளவு தாமதம், ஏதாவது தடங்கலா என்ற மூன்று கேள்விக்கான பதில்.

டில்லி அரசு 2018-இல் பஸ்களின் இருப்பிடத் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் "சென்னை பஸ்" செயலி 2022-இல் வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் சேர்த்துக் காட்டும் "சென்னை ஒன்" 2025 செப்டம்பரில். எந்தச் செயலியாக இருந்தாலும் அடியில் நடக்கும் வேலை ஒன்றுதான்.

இடம், அட்டவணை என்ற இந்த இரண்டு பக்கமும் ஒட்டாதபோது பேய் பஸ், அதாவது திரையில் மட்டும் ஓடும் பஸ், உருவாகும். ஓர் ஊரில், ஊர் பெயர் வேண்டாம், இரவு ஒன்பது மணிக்கு நான் நின்றுகொண்டிருந்தேன். செயலி "3 நிமிடம்" என்றது, அப்புறம் "1 நிமிடம்", அப்புறம் "வந்துவிட்டது". சாலையில் ஒரு நாய் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து தகவல் வராதபோது, அட்டவணையில் இருக்கும் நேரத்தையே நேரடித் தகவல் போலக் காட்டியிருக்கிறது. நல்ல செயலிகளில் இரண்டையும் வேறுபடுத்தும் அடையாளம் இருக்கும்: நேரடித் தகவல் என்றால் பச்சை எழுத்து, அலை போல ஒரு சின்னம், அந்த மாதிரி. புதிதாக ஒரு செயலியைத் திறக்கும்போது முதலில் இந்த அடையாளத்தைத் தேடிப் பிடித்துவிடுங்கள். அடையாளமே இல்லையென்றால் ஒரு சோதனை: புள்ளியை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். கொஞ்சமும் நகராத புள்ளி சிக்னலில் நிற்கலாம், பெட்டி செத்துப்போயிருக்கலாம். புள்ளியே இல்லாமல் நிமிடம் மட்டும் ஒவ்வொன்றாகக் குறைந்தால், அது பெரும்பாலும் வெறும் அட்டவணை.

ரயிலுக்கு வந்த ஒரு செயலி வேறு வழியில் யோசித்தது, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். "வேர் ஈஸ் மை டிரெயின்" செயலி, ரயிலில் இருக்கும் பயணியின் போன் எந்த செல்போன் கோபுரத்தோடு பேசுகிறது என்பதை வைத்தே ரயிலின் இடத்தைச் சொல்லும். இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். பெங்களூரு நிறுவனம் ஒன்று உருவாக்கியது. 2018-இல் கூகுள் அதை வாங்கிக்கொண்டது.

நிமிடம் ஏன் அடம்பிடிக்கிறது?

"4 நிமிடம்" என்று காட்டுகிறது. மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தாலும் 4. இதில் மோசடி எதுவும் இல்லை. பஸ் இருக்கும் இடத்திலிருந்து உங்கள் நிறுத்தம் வரை உள்ள தூரம், அந்த நேரத்தில் அந்தச் சாலையில் வழக்கமாக ஆகும் நேரம், நடுவில் எத்தனை நிறுத்தம் என்பதை வைத்துச் சர்வர் ஊகிக்கிறது. நடுவில் ஒரு சிக்னலில் மூன்று சுற்று மாட்டினால், ஊகம் நகராது. இது வானிலை அறிக்கை மாதிரி: பக்கத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், தூரத்தில் இருப்பது மங்கல். "3 நிமிடம்" என்பதை ஏறக்குறைய நம்பலாம். "22 நிமிடம்" என்றால், இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே எதுவும் நடக்கலாம்.

எல்லாவற்றிலும் நம்பக்கூடாத எண் ஒன்று உண்டு: கிளம்பும் நிலையத்தில் இன்னும் கிளம்பாமல் நிற்கும் பஸ்ஸின் எண். அந்த பஸ் எப்போது கிளம்பும் என்பது சாலையைப் பொறுத்ததல்ல. டிரைவர் டீ குடித்து முடிக்க வேண்டும், கண்டக்டர் டைம் ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டும், முன்னால் நிற்கும் வண்டி வழிவிட வேண்டும். இதற்கெல்லாம் செயற்கைக்கோள் கிடையாது. உங்கள் நிறுத்தம் நிலையத்திலிருந்து இரண்டாவதோ மூன்றாவதோ என்றால், செயலி உங்களுக்கு அதிகம் உதவாது. நடந்தே நிலையத்துக்குப் போய் ஏறிக்கொள்வது உத்தமம், உட்கார இடமும் கிடைக்கும்.

இத்தனை குறை இருந்தும் இந்த எண்ணால் பலன் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒன்பஸ்அவே என்ற செயலியை வைத்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. நேரடித் தகவல் இல்லாமல் நிற்பவர்கள் தாங்கள் காத்திருந்த நேரத்தை உண்மையைவிட அதிகமாக நினைத்தார்கள். செயலி பார்த்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் நின்ற நேரமும் குறைந்திருந்தது, வீட்டிலிருந்தே பார்த்துக் கிளம்பியதால். எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்த தலைமுறைக்கு இந்த ஆய்வு தேவையில்லை, அனுபவமே போதும்.

ஏன் இரண்டு இரண்டாக வருகின்றன?

அரை மணி நேரம் ஒன்றும் வராது, அப்புறம் ஒரே நம்பரில் மூன்று வரும். உலகத்தில் பஸ் ஓடும் எல்லா ஊரிலும் இந்தப் புலம்பல் உண்டு. டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பது பொதுவான சந்தேகம். யாரும் பேசிவைக்கத் தேவையில்லை. சும்மா விட்டாலே அப்படித்தான் ஆகும். 1964-இல் கோர்டன் நியூவெல், ரென்ஃப்ரீ பாட்ஸ் என்ற இரண்டு கணிதக்காரர்கள் அதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். நாமும் ஒரு சின்னக் கணக்குப் போடலாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ஒரு தடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விடுகிறார்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ஏற மூன்று நொடி. அப்படியென்றால் ஒவ்வொரு பஸ்ஸும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருபது பேரை ஏற்றும், ஒரு நிமிடம் நிற்கும். எல்லாம் சீராக ஓடுகிறது. இப்போது நடுவில் ஒரு பஸ், அதை முருகன் என்று அழைப்போம், ரயில்வே கேட்டில் மாட்டி இரண்டு நிமிடம் பிந்திவிட்டது. அதற்கும் அதன் முன்னால் போகும் பஸ்ஸுக்கும் இடைவெளி இப்போது 12 நிமிடம். அடுத்த நிறுத்தத்தில் முருகனுக்காக 20 பேருக்குப் பதில் 24 பேர் நிற்பார்கள். ஒரு நிமிடத்தில் ஏறி முடியாது, 72 நொடி ஆகும். தாமதம் இன்னும் 12 நொடி கூடியது.

பின்னால் வருகிற பஸ், அது வேலன். வேலன் சரியான நேரத்தில்தான் வருகிறது. ஆனால் முருகனுக்கும் அதற்கும் இடைவெளி எட்டே நிமிடம். முருகன் கூட்டத்தைத் துடைத்து ஏற்றிக்கொண்டு போனதால் வேலனுக்கு 16 பேர்தான். 48 நொடியில் கிளம்பிவிடும். ஆக, அந்த ஒரு நிறுத்தத்திலேயே முருகன் 12 நொடி பின்னே போனது, வேலன் 12 நொடி முன்னே வந்தது. இடைவெளி 24 நொடி சுருங்கியது. அடுத்த நிறுத்தத்தில் சுருக்கம் இன்னும் கூடும், அதற்கடுத்ததில் இன்னும். காகிதத்தில் போட்டுப் பாருங்கள்: எட்டு நிமிடமாக இருந்த இடைவெளி ஐந்தாவது நிறுத்தத்தில் ஐந்தேகால் நிமிடம், எட்டாவதில் இரண்டரை, பத்தாவது நிறுத்தத்தில் வேலன் முருகனின் வாலைத் தொட்டுவிடும். முருகனுக்கு முன்னால் அப்போது பதினைந்து நிமிட ஓட்டை. யாரும் தப்புச் செய்யவில்லை. இரண்டு டிரைவரும் ஒழுங்காகத்தான் ஓட்டினார்கள்.

இதில் பயணிக்கு என்ன நஷ்டம்? மணிக்கு ஆறு பஸ் விட வேண்டும், ஆறும் ஓடிவிட்டன. அலுவலகக் கணக்கில் குறையில்லை. நிறுத்தத்தில் நிற்கிறவர் கணக்கு வேறு. பத்து நிமிடத்துக்கு ஒன்று சீராக வந்தால், நேரம் பார்க்காமல் வருகிற ஒருவர் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்பார். அதே பஸ்கள் 2 நிமிடம், 18 நிமிடம், 2 நிமிடம், 18 நிமிடம் என்று வந்தால்? இருபது நிமிடத்தில் பதினெட்டு நிமிடம் நீளமான ஓட்டைதான். அதாவது பத்தில் ஒன்பது பேர் அந்த ஓட்டைக்குள்தான் வந்து நிற்பார்கள், சராசரியாக ஒன்பது நிமிடம். மீதி ஒருவருக்கு ஒரு நிமிடம். மொத்தச் சராசரி 8.2 நிமிடம். பஸ் எண்ணிக்கை குறையவில்லை, காத்திருப்பு மட்டும் அறுபது சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது.

"நான் வந்தாலே பஸ் வராது" என்று அலுத்துக்கொள்கிறவரின் ராசியில் கோளாறு இல்லை. பெரிய ஓட்டைக்குள்தான் அதிகம் பேர் வந்து விழ முடியும், அவ்வளவுதான். கூட்டமும் அப்படியே. அந்தப் பத்தில் ஒன்பது பேரும் முன்னால் வரும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவார்கள். பின்னாலேயே வரும் பஸ்ஸில் கண்டக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருப்பார். அரைக் காலியாக எத்தனை பஸ் ஓடினாலும், பயணிகளைக் கேட்டால் "எப்பப் பார்த்தாலும் கூட்டம்" என்பார்கள். இரண்டும் உண்மை.

இதை உடைக்க ஊருக்கு ஊர் வழி வைத்திருக்கிறார்கள். லண்டனில் வேகமாக வந்துவிட்ட பஸ்ஸை நிறுத்தத்திலேயே சற்று நிறுத்திவைப்பார்கள். சேவையைச் சீராக்க இந்த வண்டி கொஞ்சம் நிற்கும் என்று பதிவு செய்த குரல் அறிவிக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எரிச்சல்தான். மணிக்கு ஐந்து பஸ்ஸோ அதற்கு மேலோ ஓடும் தடங்களில், நேரத்துக்கு வந்ததா என்று அங்கே பார்ப்பதில்லை. சீராக வந்திருந்தால் ஆகியிருக்கும் காத்திருப்பைவிட எவ்வளவு கூடுதலாகப் பயணி நின்றார் என்று அளக்கிறார்கள். 2014-இல் சிங்கப்பூரும் இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக வளாகத்து பஸ்களில் பார்த்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற இருவர் அட்டவணையையே தூக்கிப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். முனையில் நிற்கும் பஸ் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை, பின்னால் வருகிற பஸ் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்தார்கள். இடைவெளிகள் தாமாகவே சமமாகத் தொடங்கின. 2012-இல் அதை எழுதி வெளியிட்டார்கள். யோசித்துப் பார்த்தால், நம்மூர் டைம் கீப்பர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "இருப்பா, முன்னால போனவன் இப்பத்தான் போயிருக்கான்" என்று டிரைவரை நிறுத்திவைப்பதும் இதே வைத்தியம்தான். பின்னால் வருகிற பஸ் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. திரை வந்த பிறகு அதுவும் தெரியும்.

திரையைப் படிப்பது

இப்போது உங்கள் போனை எடுங்கள். 29சி தடத்தையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். பெரம்பூரிலிருந்து ஜெமினி, லஸ், மந்தைவெளி, அடையாறு வழியாக பெசன்ட் நகர் போவது. நீங்கள் மந்தைவெளியில் நிற்கிறீர்கள். முதலில், நீங்கள் நிற்பது சாலையின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஒரே பெயரில் எதிரெதிராக இரண்டு நிறுத்தம் இருக்கும். எதிர்த் திசையின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது புதிதாகப் பழகுகிறவர் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற காரியம். நானும் செய்திருக்கிறேன், கையில் ஐஸ்கிரீம் உருக.

அப்புறம், முதல் பஸ்ஸின் நேரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இரண்டாவது, மூன்றாவது பஸ்ஸையும் சேர்த்துப் படியுங்கள். திரை "4, 14, 25" என்றால் நிம்மதி. இது தப்பினாலும் அடுத்தது பத்து நிமிடத்தில், ஓட வேண்டாம். "4, 5, 28" என்றால் கதை வேறு. முதலில் வருவது முருகன், கூட்டத்தோடு வரும். ஒட்டிக்கொண்டு வருவது வேலன். முதலில் வருவதை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினால் உட்கார்ந்து போகலாம், நஷ்டம் ஒரு நிமிடம். ஆனால் இரண்டையும் விட்டால் 28 நிமிடம் ஆகிவிடும், அதனால் அந்த நேரம் பார்த்துக் கடைக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போகாதீர்கள். "19, 20, 21" என்றால் பூக்கார அக்காவின் பதில்தான்: இப்பத்தான் ஏதோ போயிருக்கிறது, இனி நேரமாகும். வேறு நம்பரோ, ரயிலோ, நடையோ யோசிக்கலாம்.

வரைபடத்தைத் திறந்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தடம் முழுவதும் சின்னதாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு, உங்கள் திசையில் வரும் புள்ளிகள் மட்டும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பாருங்கள். மாலையில் மணி கோர்த்தது போல இருந்தால் நல்ல நேரம். இரண்டிரண்டாக ஒட்டி, நடுவே வெறும் கயிறு தெரிந்தால் அன்றைக்குப் பயணம் அப்படித்தான்.

சிங்கப்பூரில் இந்தப் படிப்பு சுலபம். அங்கே போக்குவரத்து ஆணையம் ஒவ்வொரு சேவைக்கும் வரப்போகும் மூன்று பஸ்களின் நேரத்தைத் தருகிறது, கூடவே கூட்ட நிலவரமும்: பச்சை என்றால் இருக்கை உண்டு, மஞ்சள் என்றால் நிற்க இடம் உண்டு, சிவப்பு என்றால் நிற்பதற்கும் இடம் குறைவு. மாடி பஸ்ஸா, சக்கர நாற்காலி ஏறுமா என்பதும் தெரியும். அந்தத் திரையில் சிவப்பும் அதன் பின்னாலேயே இரண்டு நிமிடத்தில் பச்சையும் வந்தால், முருகனும் வேலனும் அங்கேயும் ஓடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

நம்மூரில் செயலிகள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத ஒரு விஷயம் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே, ஒரே நிறுத்தத்தில், ஒரே தடத்துக்காக நிற்கும் இரண்டு பேருக்கு இடைவெளி ஒன்றல்ல. திரையில் "3, 9, 16" என்று இருந்து, முதல் இரண்டும் சொகுசுப் பேருந்து என்றால், கட்டணமில்லாத வெள்ளை போர்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அக்காவுக்கு அடுத்த பஸ் 16 நிமிடத்தில்தான். தட எண் பக்கத்தில் பஸ்ஸின் வகை குறிக்கப்பட்டிருந்தால் அதையும் பார்த்து, உங்களுக்கு ஆகாததைக் கழித்துவிட்டு மீதியை எண்ணுங்கள். இதேபோல "கட்" சர்வீஸும்: உங்கள் இடத்துக்கு முன்னாலேயே திரும்பிவிடும் வண்டி உங்கள் கணக்கில் வராது.

மணிக்கு ஒரு பஸ் ஓடும் ஊர்ப்புறத் தடத்துக்கு இந்த இடைவெளிக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே அட்டவணைதான் ராஜா. செயலி காட்டும் தாமதம் ஒரு கூடுதல் தகவல் மட்டும். இரவின் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் கண்டிப்பு தேவை. திரை "12 நிமிடம்" என்று சொன்னாலும் ஐந்து நிமிடத்துக்குள் நிறுத்தத்தில் இருங்கள். கூட்டம் இல்லாத சாலையில் ஊகம் தப்பி பஸ் முன்னாலேயே வந்துவிடுவது உண்டு, அதற்கு அடுத்த பஸ் காலையில்தான்.

பழகிக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். வேலை நாளில் சாயங்காலம் ஆறு மணிக்கு, எங்கும் போக வேண்டாத ஒரு நாளில், வீட்டில் உட்கார்ந்து ஒரே தடத்தின் புள்ளிகளை அரை மணி நேரம் பாருங்கள். நிலையத்திலிருந்து இரண்டு புள்ளிகள் நல்ல இடைவெளியோடுதான் கிளம்பும். ஏதாவது ஒரு பெரிய சிக்னலில் முன்னது நிற்கும். அப்புறம் ஒவ்வொரு நிறுத்தமாகப் பின்னது நெருங்கி வரும். ஓரிடத்தில் இரண்டும் ஒரே புள்ளி போலத் தெரியும். சில நேரம் பின்னது முந்திக்கொண்டு போகும், அப்போது பெயர்கள் மாறிவிடும்: இனி கூட்டத்தை ஏற்றுவது வேலன்.